வலையமைப்பிற் கோப்புப் பகிர்வு: அத்தாட்சிப்படுத்தல் வழுக்களைக் கண்டறிந்து நீக்குதல்

பாடம்: தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் (க.பொ.த. உயர்தரம்)
அலகு: கணினி வலையமைப்பும் பாதுகாப்பும்

இப்பாடத்தைக் கற்று முடித்ததும் நீங்கள்

• அத்தாட்சிப்படுத்தல், அதிகாரமளித்தல் ஆகிய இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவீர்கள்.
• கடவுச்சொல் கம்பி வழியே செல்லாமலே சரிபார்க்கப்படும் முறையை விளக்குவீர்கள்.
• வழுச் செய்தியைக் கொண்டு வழு ஏற்பட்ட நிலையை இனங்காண்பீர்கள்.
• பாதுகாப்பைத் தளர்த்தாமல் வழுவை நீக்கும் படிமுறையை எழுதுவீர்கள்.

1. ஒரு சந்தர்ப்பம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு சிறிய கணினி நிலையம் இருப்பதாகக் கொள்வோம். அங்கே விண்டோஸ் பணிசெயல் முறைமையில் இயங்கும் பத்துக் கணினிகள் ஓர் ஆளியின் மூலம் இணைக்கப்பட்டுள்ளன. மூலையில் இருக்கும் பதினோராவது கணினியே சேவையகம். அதில் லினக்ஸ் முறைமையும் சாம்பா என்னும் கோப்புப் பகிர்வு மென்பொருளும் நிறுவப்பட்டுள்ளன. மாணவர் ஒவ்வொருவரும் தமது செயற்றிட்டக் கோப்புகளைச் சேவையகத்தில் தமக்குரிய கோப்புறையிற் சேமிக்கின்றனர்.

செயற்றிட்டத்தை ஒப்படைப்பதற்கு முதல் நாள் மாலை. நான்காம் கணினியில் ஒரு மாணவி தனது அறிக்கையின் முன்னுரையைத் தமிழில் தட்டி முடிக்கிறாள். அதைச் சேவையகத்தில் உள்ள தனது கோப்புறையிற் சேர்க்க முயல்கிறாள். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி தோன்றுகிறது. பயனர்பெயர் ஏற்கெனவே அதில் நிரப்பப்பட்டிருக்கிறது. கடவுச்சொல்லை மட்டும் தட்டுகிறாள். அதே பெட்டி மீண்டும் வருகிறது. இன்னொரு தடவை மிகக் கவனமாகத் தட்டுகிறாள். மீண்டும் அதே பெட்டி. மூன்று மாத உழைப்பு உள்ளே இருக்கிறது, அவள் வெளியே நிற்கிறாள்.

பக்கத்தில் இருந்த நண்பன், "சேவையகத்திலே எல்லோருக்கும் முழு அனுமதி குடுத்துவிட்டால் அலுவல் முடிஞ்சுது" என்று ஆலோசனை சொல்கிறான்.

அவனுடைய ஆலோசனை இரண்டு வகையிற் பிழையானது. அது ஏன் என்பதை நீங்களே விளக்கக்கூடியவராக ஆவதுதான் இப்பாடத்தின் நோக்கம். விடையை 8 ஆம் பகுதியிற் காண்போம்.

2. மூன்று கேள்விகள்

தொடர்மாடியில் வசிக்கும் உறவினர் ஒருவரைக் காணச் செல்கிறீர்கள். முதலில் சரியான ஒழுங்கையைக் கண்டுபிடித்து வாயிலை அடைய வேண்டும். அங்கே காவலாளி, "நீங்கள் யார்?" என்று கேட்டு அடையாள அட்டையைப் பார்ப்பார். உள்ளே விட்ட பின்னரும் எல்லா வீட்டுக் கதவுகளும் உங்களுக்குத் திறக்கமாட்டா. உங்களை அழைத்தவரின் வீட்டுக்குள் மட்டுமே போகலாம்.

கோப்புப் பகிர்விலும் இதே மூன்று நிலைகள் இதே ஒழுங்கில் உள்ளன.

(அ) அடைதல்: பயனர் கணினியால் சேவையகத்தை அடைய முடிகிறதா? வடம், ஆளி, ஐபி முகவரி, பெயர், தீச்சுவர் ஆகியன இந்நிலைக்குரியவை. விண்டோஸ் கோப்புப் பகிர்வு இன்று 445 ஆம் இலக்கத் துறையைப் பயன்படுத்துகிறது. அந்தத் துறை தீச்சுவரில் மூடப்பட்டிருந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தும் பயனில்லை.

(ஆ) அத்தாட்சிப்படுத்தல்: தன்னை இன்னார் என்று கூறுபவர் உண்மையில் அவர்தானா எனச் சேவையகம் உறுதி செய்துகொள்ளுதல்.

(இ) அதிகாரமளித்தல்: அவர் இன்னார் என்பது உறுதியான பின், எந்தக் கோப்புறையில் அவர் என்ன செய்யலாம் எனத் தீர்மானித்தல். வாசிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்பன இங்கே அடங்கும்.

ஒரு நிலையில் ஏற்பட்ட வழுவை இன்னொரு நிலையில் மாற்றம் செய்து தீர்க்க முடியாது. காவலாளி உங்களை மறிக்கும்போது மாடியிலுள்ள வீட்டுக் கதவைத் திறந்து வைப்பதால் என்ன பயன்? எனவே வழு நீக்கலின் முதல் வேலை, எந்தக் கேள்வியில் நாம் தடுக்கப்பட்டோம் என்று கண்டுபிடிப்பதாகும்.

3. கடவுச்சொல் எவ்வாறு சரிபார்க்கப்படுகிறது?

நாம் தட்டும் கடவுச்சொல் அப்படியே சேவையகத்துக்குச் செல்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படிச் சென்றால் வலையமைப்பை ஒட்டுக்கேட்கும் எவரும் அதை அறிந்துகொள்ளலாம். ஆகவே இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன.

3.1 சவால் – மறுமொழி முறை

சேவையகம் எழுமாறான ஓர் எண்ணைப் பயனர் கணினிக்கு அனுப்பும். இது சவால் எனப்படும். பயனர் கணினி, கடவுச்சொல்லிலிருந்து பெற்ற ஹாஷ் பெறுமானத்தைக் கொண்டு அந்த எண்ணின் மீது ஒரு கணிப்பைச் செய்து விடையை அனுப்பும். தன்னிடம் சேமித்து வைத்துள்ள ஹாஷ் பெறுமானத்தைக் கொண்டு சேவையகமும் அதே கணிப்பைச் செய்யும். இரு விடைகளும் ஒன்றாயின் பயனர் ஏற்றுக்கொள்ளப்படுவார். கடவுச்சொல் எவ்விடத்திலும் கம்பியிற் செல்வதில்லை. விண்டோஸின் என்.டி.எல்.எம். முறை இவ்வகையைச் சேர்ந்தது.

3.2 அனுமதிச் சீட்டு முறை

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1980 களில் உருவாக்கப்பட்ட கேர்பரோஸ் முறையில், நம்பிக்கைக்குரிய ஒரு மத்திய கணினி பயனருக்குக் குறித்த நேரத்துக்குச் செல்லுபடியாகும் சீட்டு ஒன்றை வழங்கும். பயனர் அந்தச் சீட்டைக் கோப்புச் சேவையகத்திடம் காட்டுவார். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000 முதல், ஆள்களமாக அமைக்கப்பட்ட வலையமைப்புகளில் இதுவே முதன்மை முறையாக உள்ளது. சீட்டில் நேரம் பதியப்படுவதால், இம்முறையில் கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும்.

4. சாம்பா கற்பித்த பாடம்

சாம்பா (நாம் சோறாக்கும் சம்பா அன்று) அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் பிறந்தது. அவுஸ்திரேலியத் தேசிய பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அண்ட்ரூ டிரிட்ஜெல், யுனிக்ஸ் கணினியில் உள்ள கோப்புகளைத் தனிநபர் கணினியிலிருந்து திறக்க விரும்பினார். வலையமைப்பிற் செல்லும் பொதிகளை அவதானித்து, அவற்றுக்கு ஏற்ற மறுமொழி தரும் மென்பொருளை எழுதி 1992 இல் வெளியிட்டார். எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையின் மூன்று எழுத்துகளும் வரும் சொல்லை அகராதிக் கோப்பொன்றில் தேடியபோது கிடைத்த பெயரே சாம்பா. இன்று பள்ளிக் கணினிக்கூடம் முதல் வீட்டுச் சேமிப்புப் பெட்டி வரை பல இடங்களில் அது இயங்குகிறது.

ஆரம்ப காலத்தில் கடவுச்சொல் மறைகுறியாக்கப்படாமலே சேவையகத்துக்குச் சென்றது. 1997 இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 4.0 இன் மூன்றாம் சேவைப் பொதியும், அதனைத் தொடர்ந்து விண்டோஸ் 98 உம் அவ்வாறு அனுப்புவதை நிறுத்தின. நேற்றுவரை வேலை செய்த சாம்பாச் சேவையகங்கள் ஒரே நாளில், "கடவுச்சொல் தவறு" என்று பயனர்களைத் திருப்பி அனுப்பின. கடவுச்சொல்லோ மாறவில்லை.

அப்போது இரண்டு தீர்வுகள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் பதிவகத்தை மாற்றி, கடவுச்சொல்லை முன்புபோல வெளிப்படையாக அனுப்பச் செய்வது. மற்றையது, சாம்பாவில் மறைகுறியாக்கிய கடவுச்சொல் முறையைச் செயற்படுத்தி, பயனர் ஒவ்வொருவருக்கும் சாம்பாவுக்குரிய கடவுச்சொல்லைப் பதிவது. முதலாவது, பழுதான பழைய பூட்டுக்காகப் புதிய கதவை அறுப்பது போன்றது. இரண்டாவதே முறையான தீர்வு.

இங்கே பரீட்சைக்கு அவசியமான ஒரு நுட்பம் உண்டு. லினக்ஸ் முறைமை தனது பயனர்களின் கடவுச்சொற்களை ஒருவகை ஹாஷ் பெறுமானமாகச் சேமிக்கிறது. விண்டோஸின் சவால் – மறுமொழி முறைக்கு வேறு வகையான ஹாஷ் பெறுமானம் தேவை. ஒன்றிலிருந்து மற்றையதைக் கணிக்க முடியாது. ஆகவே சாம்பா தனக்கெனத் தனியான கடவுச்சொற் களஞ்சியம் ஒன்றை வைத்திருக்கிறது. லினக்ஸ் கணக்கு இருந்தும் அக்களஞ்சியத்திற் பதிவு இல்லாத மாணவர், சேவையகத்தின் முன்னமர்ந்து நுழையலாம். வலையமைப்பினூடாக நுழைய முடியாது. லினக்ஸ் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் சாம்பாவின் கடவுச்சொல் தானாக மாறிவிடும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது.

1997 இல் நடந்தது பின்னரும் நடந்தது. 2007 இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா, என்.டி.எல்.எம். முறையின் இரண்டாம் பதிப்பில் மட்டுமே மறுமொழி அனுப்பியதால் பழைய சேமிப்புப் பெட்டிகள் பலவற்றோடு இணைய முடியவில்லை. 2017 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 இன் 1709 ஆம் பதிப்பைப் புதிதாக நிறுவியபோது எஸ்.எம்.பி. முதலாம் பதிப்பு சேர்க்கப்படவில்லை. சாம்பாவும் 2019 இல் வந்த 4.11 பதிப்பில் அதை இயல்பாகவே நிறுத்தியது. 2024 இல் வெளிவந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு, அதன் புரொ வகையிலும், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை இயல்பாக ஏற்பதில்லை.

ஆகவே, "நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை" என்று கேட்டதும், "இடையில் எந்தக் கணினி இற்றைப்படுத்தப்பட்டது?" என்று நீங்கள் கேட்க வேண்டும்.

5. வழு இலக்கங்கள்

விண்டோஸின் கட்டளை வரியில் 'நெட் யூஸ்' கட்டளையைப் பயன்படுத்திப் பகிர்வோடு இணைய முயன்றால், தோல்விக்குரிய இலக்கம் காட்டப்படும். பெட்டியில் தோன்றும் பொதுவான வசனத்தைவிட இந்த இலக்கம் பயனுள்ளது.

அடைதல் நிலை
53 – வலையமைப்புப் பாதை காணப்படவில்லை. சேவையகத்தை அடையவே இல்லை.
67 – வலையமைப்புப் பெயர் காணப்படவில்லை. பெரும்பாலும் பகிர்வின் பெயர் பிழையாகத் தட்டப்பட்டுள்ளது.

அத்தாட்சிப்படுத்தல் நிலை
86 – கடவுச்சொல் தவறு.
1326 – பயனர்பெயர் அல்லது கடவுச்சொல் தவறு.
1219 – இதே சேவையகத்துடன் வேறொரு பயனர்பெயரில் ஏற்கெனவே இணைப்பு உள்ளது.
1327 – கணக்கின் மீது கட்டுப்பாடு உள்ளது. (உதாரணம்: கடவுச்சொல் வெறுமையாக விடப்பட்டுள்ளது.)
1330 – கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது.
1331 – கணக்கு முடக்கப்பட்டுள்ளது.
1398 – இரு கணினிகளின் நேரம் வேறுபடுகிறது.
1909 – கணக்கு பூட்டப்பட்டுள்ளது.

அதிகாரமளித்தல் நிலை
5 – அணுகல் மறுக்கப்பட்டது.

1326 ஆம் வழுவில், பெயர் தவறா கடவுச்சொல் தவறா என்பது பயனருக்குச் சொல்லப்படுவதில்லை. இது குறைபாடு அன்று. "பெயர் சரி, கடவுச்சொல் மட்டும் தவறு" என்று சொன்னால், அத்துமீறி நுழைய முயல்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். உண்மையான காரணம் சேவையகத்தின் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். சேவையகமும் விண்டோஸாக இருப்பின் அதன் பாதுகாப்புப் பதிவேட்டில் 4625 ஆம் இலக்க நிகழ்வைத் தேட வேண்டும். சாம்பாவாயின் அதன் பதிவுக் கோப்புகளை வாசிக்க வேண்டும்.

5 ஆம் வழு சில வேளைகளில் நம்மை ஏமாற்றும். சாம்பாவில், தனக்குத் தெரியாத பெயரில் வருபவரை மறுக்காமல் விருந்தினராக உள்ளே விடும்படி அமைக்க முடியும். அப்போது பெயரைப் பிழையாகத் தட்டிய மாணவரும் உள்ளே சென்றுவிடுவார். ஆனால் தமது கோப்புறையைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வரும். பார்வைக்கு இது அதிகாரமளித்தல் வழு. உண்மையில் ஆள் மாறிய வழு. சேவையகத்தில் 'எஸ்எம்பிஸ்டேட்டஸ்' கட்டளையை இயக்கி, எந்தப் பெயரில் உள்ளே இருக்கிறோம் என்று பார்த்தால் உண்மை தெரியும்.

6. வழு நீக்கும் படிமுறை

படி 1: செய்தியை முழுமையாக எழுதிக்கொள்க. இலக்கம், நேரம், கணினியின் இலக்கம், பயன்படுத்திய பெயர் ஆகிய நான்கும் வேண்டும்.

படி 2: குறுக்குச் சோதனை செய்க. அதே பயனர் வேறொரு கணினியில் நுழைய முடிகிறதா? அதே கணினியில் வேறொரு பயனர் நுழைய முடிகிறதா? இவ்விரு சோதனைகளும் வழு இருக்கும் இடத்தைப் பெருமளவில் ஒடுக்கிவிடும்.

• பயனர் எங்கும் நுழைய முடியவில்லை, மற்றவர்கள் நுழைகின்றனர்: வழு அவரது கணக்கில்.
• பயனர் பிற கணினிகளில் நுழைகிறார், இதில் மட்டும் இல்லை: வழு இக்கணினியில்.
• எவரும் எங்கும் நுழைய முடியவில்லை: வழு சேவையகத்தில் அல்லது வலையமைப்பில்.

படி 3: தட்டுவதைச் சரிபார்க்க. கடவுச்சொற் பெட்டியில் எழுத்துக்குப் பதிலாகப் புள்ளியே தெரிவதால் பிழை கண்ணுக்குத் தெரியாது. கப்ஸ் லொக் சாவியைப் பார்க்க. சாவிப்பலகை எந்த மொழியில் உள்ளது என்றும் பார்க்க. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டும்போது திரையில் தமிழ் தெரிந்தாலும் கணினிக்குச் செல்வது ஆங்கில எழுத்தின் குறியீடே. யுனிகோட் தமிழ்ச் சாவிப்பலகையிலோ அதே சாவியை அழுத்தினால் தமிழ் எழுத்துக்குரிய வேறொரு குறியீடு செல்லும். ஐயம் இருப்பின் கடவுச்சொல்லை அன்றி வேறேதேனும் சில எழுத்துகளை நோட்பாட் செயலியில் தட்டிப் பார்க்க.

படி 4: பழைய நினைவுகளை நீக்குக. விண்டோஸ் முன்னர் தந்த கடவுச்சொல்லைச் சேமித்து வைத்து, நம்மைக் கேட்காமலே அனுப்பக்கூடும். கட்டுப்பாட்டுப் பலகத்தில் சேமித்த சான்றுகள் இருக்கும் பகுதிக்குச் சென்று, இச்சேவையகத்துக்குரியதை மட்டும் நீக்குக. 1219 ஆம் வழு எனில், 'நெட் யூஸ்' என்று மட்டும் தட்டித் திறந்திருக்கும் இணைப்புகளைப் பார்த்து, முன்னைய பயனரின் இணைப்பைத் துண்டிக்க.

படி 5: கணக்கைப் பார்க்க. முடக்கப்பட்டதா, பூட்டப்பட்டதா, காலாவதியானதா, சாம்பாவின் களஞ்சியத்திற் பதியப்பட்டதா எனச் சேவையகத்திற் சோதிக்க. அடிக்கடி பூட்டப்படும் கணக்காயின், பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்துக்கொண்டு வேறொரு கணினி விடாமல் முயல்கிறதா என்று தேடுக.

படி 6: முகவரியால் முயல்க. ஆள்கள வலையமைப்பில் சேவையகத்தின் பெயரைத் தந்தால் நுழைய முடியாமலும், ஐபி முகவரியைத் தந்தால் நுழைய முடிந்தும் இருப்பின், கேர்பரோஸ் முறையிலோ பெயர்த் தீர்விலோ வழு இருக்கலாம். முகவரியைத் தரும்போது விண்டோஸ் பொதுவாக என்.டி.எல்.எம். முறைக்கு மாறுவதே காரணம். அடுத்துக் கடிகாரத்தைப் பார்க்க.

படி 7: இவை யாவும் சரியாயின் மட்டும் அனுமதிகளுக்குச் செல்க. பகிர்வின் அனுமதி, கோப்பு முறைமையின் அனுமதி ஆகிய இரண்டில் இறுக்கமானதே செல்லுபடியாகும். பகிர்வில் எழுத அனுமதி இருந்தாலும் கோப்புறையில் இல்லாவிட்டால் எழுத முடியாது.

முக்கிய விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்க. பயன் இல்லாவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பிய பின்னரே அடுத்ததை முயல்க. ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்தவர், எதனால் சரிவந்தது என்பதையும் எதனால் பாதுகாப்புக் குறைந்தது என்பதையும் அறியமாட்டார்.

7. கடிகாரமும் கடவுச்சொல்லும்: இலங்கையின் அனுபவம்

இலங்கையின் நியம நேரம் மூன்று தடவை மாற்றப்பட்டதை உங்கள் பெற்றோர் நினைவில் வைத்திருப்பர். 1996 மே 25 இல் அது சர்வதேச நேரத்திலும் 6 மணி 30 நிமிடம் முந்தியதாக்கப்பட்டது. 1996 ஒக்டோபர் 26 இல் 6 மணி ஆக்கப்பட்டது. 2006 ஏப்பிரல் 15 இல், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மீண்டும் 5 மணி 30 நிமிடத்துக்குத் திரும்பியது.

கேர்பரோஸ் சீட்டில் பதியப்படுவது சுவர்க்கடிகார நேரமன்று, சர்வதேச நேரம். விண்டோஸில் அனுமதிக்கப்படும் வேறுபாடு இயல்பாக 5 நிமிடம். இப்போது பின்வரும் கணிப்பைப் பாருங்கள்.

2006 ஏப்பிரல் 15 இன் பின் ஒரு காலை, புதிய நேரப்படி 9.00 மணி.
சரியான சர்வதேச நேரம்: 9.00 – 5.30 = 3.30.

ஓர் அலுவலகத்தின் கணினியில் நேர வலயம் பழையபடி 6.00 ஆகவே உள்ளது. அங்குள்ள ஒருவர் வலயத்தை மாற்றாமல், கடிகார முட்களை மட்டும் 9.00 இற்குத் திருப்பிவிடுகிறார்.
அக்கணினி கருதும் சர்வதேச நேரம்: 9.00 – 6.00 = 3.00.

வேறுபாடு 30 நிமிடம். இது 5 நிமிடத்திலும் அதிகம். ஆகவே கடவுச்சொல் சரியாக இருந்தும் சீட்டு நிராகரிக்கப்படலாம். திரையில் தெரியும் நேரமோ சுவர்க்கடிகாரத்தோடு அச்சொட்டாக ஒத்திருக்கும். இதனால் எவருக்கும் கடிகாரத்தின் மீது சந்தேகம் எழாது.

சரியான முறை, முட்களைத் தொடாமல் வலயத்தை மட்டும் 5.30 ஆக மாற்றுவதாகும். அப்போது திரையில் உள்ள நேரம் தானாகவே 30 நிமிடம் பின்செல்லும், சர்வதேச நேரம் மாறாது. இன்றும் தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்த கணினியிலும், தவறான வலயத்தோடு நிறுவப்பட்ட கணினியிலும் இதே வழு ஏற்படலாம். எனவே நேரத்தைச் சோதிக்கும்போது திகதி, மணி, வலயம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சோதிக்க.

8. செய்யக் கூடாதவை

இனி நமது மாணவியிடம் திரும்புவோம். நிலையப் பொறுப்பாளர் சேவையகத்தைத் தொடவே இல்லை. குறுக்குச் சோதனையாக ஏழாம் கணினியில் அவளை நுழையச் சொன்னார். முதல் முயற்சியிலேயே கோப்புறை திறந்தது. ஆகவே கணக்கும் சேவையகமும் சரி, வழு நான்காம் கணினியில். அங்கே பார்த்தபோது, முன்னுரையைத் தட்டுவதற்காகத் தெரிந்த யுனிகோட் தமிழ்ச் சாவிப்பலகை மாற்றப்படாமலே இருந்தது. புள்ளிகளுக்குப் பின்னால் தமிழ் எழுத்துகள் மறைந்திருந்தன. ஆங்கிலத்துக்கு மாற்றியதும் கடவுச்சொல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நண்பனின் ஆலோசனையை இப்போது மதிப்பிடுங்கள். முதலாவது, அது பயன் தந்திராது. தடை அத்தாட்சிப்படுத்தல் நிலையில் இருந்தது. அனுமதியை எவ்வளவு தளர்த்தினாலும் தவறான கடவுச்சொல் தவறானதே. இரண்டாவது, பயன் தராத அம்மாற்றம் அப்படியே இருந்திருக்கும். ஒப்படைப்புக்கு முதல் நாள் இரவு, எல்லா மாணவரின் கோப்புகளையும் எவரும் திருத்தவோ அழிக்கவோ கூடிய நிலை ஏற்பட்டிருக்கும்.

இத்தகைய அவசரத் தீர்வுகளுக்கு உலகம் விலை கொடுத்திருக்கிறது. 2017 மே 12 இல் பரவத் தொடங்கிய வன்னாக்ரை என்னும் தீம்பொருள், எஸ்.எம்.பி. முதலாம் பதிப்பில் இருந்த குறைபாட்டின் ஊடாக, கடவுச்சொல் எதுவுமின்றிக் கணினிக்குக் கணினி தாவியது. 150 இற்கும் மேற்பட்ட நாடுகள் பாதிக்கப்பட்டன. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளரின் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அக்குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 இலேயே வெளியிட்டிருந்தது. பழைய சேமிப்புப் பெட்டி ஒன்றோடு இணைவதற்காக அந்தப் பழைய நெறிமுறையை மீண்டும் செயற்படுத்துமாறு எவரேனும் கூறினால், இதனை நினைவிற்கொள்க. பெட்டியின் மென்பொருளை இற்றைப்படுத்துக. இயலாவிடின் கோப்புகளைப் பிரதி செய்துகொண்டு பெட்டியை மாற்றுக.

மற்றொருவரின் பெயரையும் கடவுச்சொல்லையும் இரவல் வாங்கி நுழைவதும் தீர்வாகாது. பதிவேட்டில் அவரது பெயரே பதியும். அவர் அறியாமல் அதைச் செய்தால் அது சட்டப் பிரச்சினையும் ஆகும். அதிகாரமின்றிக் கணினியை அணுகுவது, 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் இலங்கையிற் குற்றமாகும்.

9. மாதிரி வினாக்கள்

பல்தேர்வு வினாக்கள்

வினா 1: ஒரு மாணவர் சேவையகத்தில் உள்ள கோப்பைத் தமது பெயரில் திறந்து வாசிக்கிறார். ஆனால் திருத்திச் சேமிக்க முடியவில்லை. மிகப் பொருத்தமான காரணம்
(1) ஆளி செயலிழந்துள்ளது.
(2) கடவுச்சொல் தவறானது.
(3) எழுதும் அனுமதி வழங்கப்படவில்லை.
(4) கணக்கு பூட்டப்பட்டுள்ளது.
(5) 445 ஆம் துறை மூடப்பட்டுள்ளது.

வினா 2: லினக்ஸ் சேவையகத்தின் முன்னமர்ந்து நுழையக்கூடிய ஒரு பயனர், விண்டோஸ் கணினிகள் எதிலிருந்தும் சாம்பாப் பகிர்வுக்குள் நுழைய முடியவில்லை. ஏனைய பயனர்கள் நுழைகின்றனர். முதலிற் சோதிக்க வேண்டியது
(1) சேவையகத்தின் வலையமைப்பு வடம்
(2) சாம்பாவின் கடவுச்சொற் களஞ்சியத்தில் அவரது பதிவு
(3) சேவையகத்தின் நேர வலயம்
(4) கோப்புறையின் எழுதும் அனுமதி
(5) ஆளியின் மின் வழங்கல்

வினா 3: கொழும்பில் உள்ள ஒரு கணினியின் நேர வலயம் தவறுதலாக 6.00 என அமைக்கப்பட்டுள்ளது. திரையில் சரியான இலங்கை நேரமாகிய 10.00 மணி காட்டப்படுகிறது. அக்கணினி கருதும் சர்வதேச நேரமும் சரியான சர்வதேச நேரமும் முறையே
(1) 4.30, 4.00
(2) 4.00, 4.30
(3) 3.30, 4.00
(4) 4.00, 3.30
(5) 4.30, 4.30

விடைகள்: வினா 1 – (3), வினா 2 – (2), வினா 3 – (2)

அமைப்புக் கட்டுரை வினா

காலையில் ஒரு வகுப்பு மாணவர் பயன்படுத்திய கணினியில், மாலை வகுப்பு மாணவர் ஒருவர் தமது பெயரில் சேவையகத்தோடு இணைய முயன்றபோது 1219 ஆம் வழு தோன்றியது.

(அ) இவ்வழு ஏற்பட்ட நிலை யாது? (2 புள்ளிகள்)
(ஆ) வழுவுக்கான காரணத்தை விளக்குக. (4 புள்ளிகள்)
(இ) கணினியை மீள ஆரம்பிக்காமல் வழுவை நீக்கும் முறையைத் தருக. (4 புள்ளிகள்)
(ஈ) இது மீண்டும் ஏற்படாதிருக்க நிலையத்திற் பின்பற்றத்தக்க வழக்கம் ஒன்றைக் குறிப்பிடுக. (2 புள்ளிகள்)

மாதிரி விடை

(அ) அத்தாட்சிப்படுத்தல் நிலை.
(ஆ) காலை வகுப்பு மாணவரின் பெயரில் ஏற்படுத்தப்பட்ட இணைப்பு துண்டிக்கப்படாமல் உள்ளது. விண்டோஸின் ஒரே அமர்வில், ஒரே சேவையகத்துடன் ஒரே நேரத்தில் இரு பயனர்பெயர்களில் இணைய முடியாது. எனவே கடவுச்சொல் சரியாக இருந்தும் இரண்டாவது இணைப்பு மறுக்கப்படுகிறது.
(இ) 'நெட் யூஸ்' கட்டளையால் உள்ள இணைப்புகளைப் பட்டியலிட்டு, முன்னைய இணைப்பை அதே கட்டளையின் அழித்தல் தெரிவால் துண்டித்து, பின் தமது பெயரில் இணைதல்.
(ஈ) ஒவ்வொரு மாணவரும் வேலை முடிந்ததும் விண்டோஸிலிருந்து முறையாக வெளியேறுதல்.

நினைவிற்கொள்க

பரீட்சையில் இவ்வகை வினா வந்தால், முதல் வரியிலேயே வழு எந்த நிலைக்குரியது என்று எழுதுங்கள்: அடைதலா, அத்தாட்சிப்படுத்தலா, அதிகாரமளித்தலா? அதன் பின் காரணம், அதன் பின் தீர்வு. கணினியின் முன்னும் இதே ஒழுங்கிற் செல்லுங்கள். பூட்டுத் திறக்கவில்லை என்றால், முதலில் கையில் இருக்கும் திறப்பைப் பாருங்கள். கதவைக் கழற்ற எண்ணாதீர்கள். அதன் பின்னால் இருப்பவை உங்களுடைய கோப்புகள் மட்டுமல்ல.